பாடத்தில் இல்லாத பச்சை

புல்வெளிப் பாடத்தின் 'பின்னணியும் இலக்கிய நயமும்' குறிப்பை அனுப்பச் சொல்லி, புதிதாகப் பணியில் சேர்ந்த உங்களில் ஐந்து பேர் இந்த மாதம் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். ஒருவர், "சார், உங்க பிடிஎஃப் இருந்தா பாடத்தை ஒரே பீரியடில் முடிச்சிடலாம்னு சொன்னாங்க" என்று மரியாதையாகவே கேட்டிருந்தார்.

அனுப்பமாட்டேன். காரணம் சொல்லாமல் மறுத்தால் கர்வம் என்று நினைப்பீர்கள். அதனால் எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்கள் சாவகாசமாகச் சொல்ல வேண்டிய கதையை, சர்வீஸில் சில வருடங்களே ஆன நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் நான் ஓய்வு பெறும்வரை நீங்கள் அந்தப் பாடத்தை நடத்தாமல் காத்திருக்கப் போவதில்லையே.

பாடத்தை உங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் நடுவில் வரும் பயணக் கட்டுரை. ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு பெரிய புல்வெளிக்குள் மூன்று நாள் நடக்கிறார். திரும்ப பஸ் ஏறுகிறார். அவ்வளவுதான். கோயில் இல்லை, கோட்டை இல்லை, அருவி இல்லை, யாரோடும் பேச்சுகூட இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அதை எப்படி நடத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் பக்கத்தைப் படித்தேன், கடைசிப் பக்கத்தைப் படித்தேன், நடுவில் புரட்டினேன். தேர்வுக்கு என்ன கேட்பார்கள்? பின்னணி கேட்பார்கள், நயம் கேட்பார்கள். உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

பின்னணி: நகர வாழ்வில் களைத்த ஆசிரியர் இயற்கையின் மடியில் ஓய்வு தேடிச் சென்றார். நயம்: பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற புல்வெளி. வெள்ளைக் கற்களைக் கொக்குகளுக்கு ஒப்பிட்ட உவமை. இயற்கை மீது அன்பு. எட்டு மார்க்குக்கு நான்கு பத்தி.

பச்சைக் கம்பளம் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். நைனாவுக்கும் அம்மாவுக்கும் நகரியில் பவர்லூம். வீட்டில் எழுத்து என்றால் ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும்தான். இலக்கியம் எனக்கு வாக்கியமாகத்தான் வந்தது. மனப்பாடம் செய்தால் மார்க் தரும் வாக்கியம். 'பச்சைக் கம்பளம் விரித்தாற்போல்' நான் பத்தாவது படிக்கும்போது கட்டுரையில் எழுதி, பக்கத்தில் சிவப்பு டிக் வாங்கிய வரி. அதன்பின் கிராமம் என்றாலும் மலை என்றாலும் அதைப் போட்டேன். ஒவ்வொரு வகுப்பையும் அப்படிப்பட்ட வரிகளில் கால் வைத்துத்தான் ஏறினேன். புல்வெளி என்று பார்த்ததும் கை தானாக அதை எழுதியது.

அந்தக் குறிப்பை பிடிஎஃப் ஆக்கி, பெயர் போட்டு, ஆந்திர எல்லை மண்டலத் தமிழாசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நகரி, புத்தூர், சத்தியவேடு, பாலசமுத்திரம் என்று எல்லாப் பள்ளிகளுக்கும் போய்விட்டது. 'அருமை சார்' என்று இருபது கைகூப்பு வந்தது. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

இரண்டு வருடம் கழித்து, சித்தூரில் விடைத்தாள் திருத்தும் கேம்ப்.

இனி நீங்களும் போவீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். தெலுங்கு, கணக்கு எல்லாம் பெரிய ஹால்களில் நடக்கும். தமிழுக்கு மாடியில் மூலையில் ஓர் அறை. அந்த முறை நாங்கள் பதினோரு பேர். செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். தாளில் பெயர் இருக்காது, பள்ளி இருக்காது, கோட் எண் மட்டும்தான். முதல் நாள் எல்லோரும் உட்கார்ந்து 'கீ' தயாரிப்போம். எந்தப் பாயிண்டுக்கு எத்தனை மார்க் என்ற பட்டியல். அந்த வருடம் புல்வெளிக் கட்டுரையின் நயம் எட்டு மார்க்குக்கு வந்திருந்தது.

தலைமைத் தேர்வாளர் சத்தியவேட்டுப் பக்கத்து மேடம். நறுக்கென்று பேசுபவர். ஒவ்வொருவரிடமும் பாயிண்ட் கேட்டார். பதினோரு பேரும் அதே நான்கைச் சொன்னோம். மேடம் சிரித்துவிட்டார்.

"எல்லாரும் ஒரே ஓட்டல்ல துன்ன மாதிரி இருக்குதே."

"இந்தத் தம்பி ஓட்டல்தான் மேடம்" என்று என் முதுகில் தட்டினார் பாலசமுத்திரத்து முனிரத்தினம் சார். "பார்சல் சர்வீஸும் உண்டு."

பாயிண்டுக்கு இரண்டு மார்க் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். கீ ஆபீஸுக்குப் போய்விட்டது.

மூன்று நாள் கட்டு கட்டாகத் தள்ளினோம். எந்தத் தாளைத் திறந்தாலும் கம்பளம். நகரத்தில் களைத்த ஆசிரியர், இயற்கையின் மடி. என் வாக்கியங்களை முன்பின் தெரியாத கையெழுத்துகளில் பார்க்கும்போது முதலில் பெருமையாக இருந்தது. போகப் போக ஒரு மாதிரி ஆனது. ஒரே சினிமா போஸ்டரை ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போவது போல.

நான்காம் நாள் முற்பகலில் அந்தத் தாள் வந்தது. சாய்ந்த கையெழுத்து. இலக்கணத்தில் பாதி தப்பு, செய்யுள் பாதியில் நின்றிருந்தது. எட்டு மார்க் கேள்விக்கு இப்படி எழுதியிருந்தது:

'ஆசிரியர் முதல் நாள் தூரத்தில் வெள்ளையாகப் பார்த்து கொக்கு என்று நினைக்கிறார். கிட்டே போனால் பறக்கவில்லை. கல். கல்லில் நம்பர். அதற்குப் பிறகு கட்டுரையில் கொக்கு வரவே இல்லை. எங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்திலும் முதலில் வெள்ளைக் கல்தான் வந்தது. கம்பி பிறகு வந்தது. அவர் ஓய்வு எடுக்கப் போகவில்லை. அவர் மூன்று நாளும் எங்கேயும் உட்காரவில்லை. எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று நடக்கிறார். பச்சைக் கம்பளம் என்று எழுதச் சொன்னார்கள். பாடத்தை மூன்று முறை படித்தேன். பச்சை இல்லை.'

அவ்வளவுதான்.

நான் கீயைப் பார்த்தேன். பின்னணி தப்பு. கம்பளம் இல்லை. இயற்கை அன்பு என்ற சொல் இல்லை. கொக்கு இருக்கிறது. இரண்டு மார்க் போட்டேன். மொத்தம் கூட்டினேன். முப்பத்திரண்டு. முப்பத்தைந்து வந்தால்தான் பாஸ்.

மறுபடி கூட்டினேன். முப்பத்திரண்டுதான். தாளைக் கட்டுக்கு அடியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். அதில் கம்பளம். டிக் போட்டேன். அடுத்ததிலும் கம்பளம். பேனா ஓடவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

"இன்னா தம்பி, வயிறு சரியில்லியா?" என்றார் முனிரத்தினம் சார்.

"சார், புல்வெளிப் பாடத்துல பச்சைன்னு வருதில்ல?"

"புல்லு பச்சையாத்தான் இருக்கும்."

"பாடத்துல சார்."

"உன் பிடிஎஃப்ல கீதே."

"புக் யார்கிட்டனா இருக்குதா?"

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். நானும் பார்த்தேன். மேஜை மேல் கீ இருந்தது, சிவப்புப் பேனாக்கள் இருந்தன, என் பிடிஎஃபின் பிரிண்ட் அவுட் ஏழெட்டு இருந்தது. பதினோரு தமிழாசிரியர்கள் உட்கார்ந்திருந்த அறையில் ஒரு தமிழ்ப் புத்தகம் இல்லை.

சாப்பாட்டு மணி அடித்ததும் கேட்டுக்கு ஓடினேன். போனைக் கேட்டு வாங்கி, காம்பவுண்டு ஓரமாக நின்று நகரிக்கு, தங்கைக்குப் போட்டேன். அப்போது டிகிரி முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். பின்னால் தறிச் சத்தம்.

"ஷெல்ஃபுல நான் பாடம் எடுக்கிற பத்தாங்கிளாஸ் புக் இருக்குது பாரு. எடுத்து புல்வெளிப் பாடத்தை எனுக்கு முழுசா படிச்சிக் காட்டு."

"இன்னாண்ணா, வாத்தியாரு நீயா நானா?"

"படி சீக்கிரம்."

"ஒண்ணும் கேக்காது, இரு, மாடிக்குப் போறேன்" என்றாள்.

வெயிலில் அவள் அங்கே நின்று படிக்க, நான் இங்கே நின்று கேட்டேன். தங்கை வேகமாகப் படிக்க மாட்டாள், அது நல்லதாகப் போயிற்று. கட்டுரை பங்குனியில் தொடங்குகிறது. புல் வைக்கோல் நிறம். பிறகு துரு ஏறிய தகரத்தின் நிறம். சாயங்காலத்தில் காய்ந்த எலுமிச்சைத் தோல் நிறம். ஒவ்வொரு நிறத்துக்கும் அவர் நின்று சொல் தேடுகிறார். கிடைத்ததும் காற்று வந்து நிறத்தை மாற்றிவிடுகிறது. வாக்கியங்களும் அப்படித்தான், முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் வந்துவிட்டு வேறு பக்கம் திரும்பிவிடுகின்றன. தங்கைக்கு மூச்சு வாங்கியது.

"ண்ணா, இந்தாளு ஏன் ஒரு எடத்துல குந்த மாட்டேன்றாரு?"

மேலே படிக்கச் சொன்னேன். கற்கள் வந்தன. கொக்கு, கிட்டே போகிறார், பறக்கவில்லை, கல், நம்பர். உடனே அடுத்த பத்தி காற்றைப் பற்றி. அது நிலத்தை எடுத்துக்கொள்ள அளந்து நட்ட சர்வே கல் என்று ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. என் குறிப்பில் நான் கொக்கோடு நின்றுவிட்டிருந்தேன். அவர் கட்டியது ஓர் உவமையை அல்ல, உடையும் உவமையை. தூரத்தில் அழகாக இருப்பது பக்கத்தில் போனால் எண்ணாக இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு அவரால் அங்கே நிற்க முடியவில்லை, நடக்கிறார். கட்டுரை முழுக்க அந்த நடைதான்.

"பச்சைன்னு எங்கனா வந்துச்சா?"

"இல்லியே."

"நல்லா பாரு."

"பச்சையும் இல்ல, கம்பளமும் இல்ல. ஓரத்துல பேனாவுல நீ எழுதி வச்சிக்கினு கீற, அங்க மட்டும்தான் கீது. போதுமா? கால் சுடுது."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாடிப்படியில் பாதியில் நின்றேன். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். மேலே போய் யாருக்கும் தெரியாமல் இரண்டை ஐந்தாக்கிவிடலாம். சிவப்பு மைதான், என் கையெழுத்துதான். அந்தப் பிள்ளை பாஸ். கீ அப்படியே இருக்கும், என் பெயரும் அப்படியே இருக்கும். அது தர்மமாகக்கூடத் தோன்றியது. ஆனால் இப்படி எழுதி மார்க் இழந்த வேறொரு பிள்ளை, ஏற்கெனவே கட்டி முடித்த கட்டுகளில் இருந்தால்? மற்ற பத்துப் பேரும் என் கீயை வைத்துத்தானே திருத்தினார்கள்?

மேலே போனேன். எல்லோரும் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், கீ தப்பு. பாடத்துல பச்சைக் கம்பளம் கிடையாது. நான் சொந்தமா போட்டது."

யாரோ குழாயை மூடினார். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"மூணு நாள் கட்டு சார்! இன்னிக்கு ரிலீவ் ஆவணும்."

"கம்பளம் எழுதின பிள்ளைக்கு மார்க்கைப் புடுங்குவியா நீ? நாமதானே எழுத வச்சோம்?"

"ஒரு பேப்பருக்கா இந்தக் கூத்து?" இது முனிரத்தினம் சார். சிரிப்பு இல்லை. "நீ போட்ட குறிப்பு, நீ சொன்ன கீ, இப்ப நீயே தப்புன்றே. நாங்க இன்னா உன் பின்னால சுத்திக்கினே இருக்கிறதா?"

சத்தம் கேட்டு கேம்ப் ஆபீசர் வந்துவிட்டார். தெலுங்குக்காரர், பொறுமைசாலி.

"ஏமய்யிந்தி?" என்றார், என்ன ஆயிற்று என்று. மேடம் சொன்னார். அவர் என் பக்கம் திரும்பினார். "கீ தப்பா சார், லேதா மீ பாடம் தப்பா?" கீயா, அல்லது நீங்கள் நடத்திய பாடமா என்கிறார்.

"ரெண்டூ நேனே சார்" என்றேன். இரண்டும் நான்தான்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, எதுவானாலும் எழுதிக் கொடுங்கள், சாயங்காலத்துக்குள் முடியுங்கள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனார்.

மேடம் டிபன் பாக்ஸை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "கம்பளம் எழுதினவங்களுக்குப் போட்டது போட்டதுதான். நாம சொல்லிக்குடுத்ததுக்கு அவங்க தண்டனை அனுபவிக்க வேணாம். பாடத்தைப் படிச்சி வேற எழுதினவங்க யாருக்குனா மார்க் போயிருந்தா, அதைத் தேடுங்க. எல்லா கட்டையும் பிரிங்க."

நான் அந்தத் தாளை உருவினேன். பேனாவைத் திறந்தேன்.

"நீ போடாதே."

"மேடம்?"

"நீ பாஸ் ஆவணும்னு போடுவே. உன் மனசு ஆறணும்னு போடுவே. அந்தப் பிள்ளைக்கு அது வேணாம். அந்த பதில் எத்தினி பெறுமோ அத்தினி போதும்." தாளை என் கையிலிருந்து வாங்கி, அறையிலேயே அதிகக் கோபத்தில் இருந்தவரிடம் நீட்டினார். "முனிரத்தினம் சார், நீங்க போடுங்க. மொத்தத்தைப் பாக்காதீங்க."

இதை மட்டும் நீங்கள் மனப்பாடம் செய்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. நம் தவறால் ஒருவர் அடிபட்டால், அவருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று அளக்கும் கை நம் கையாக இருக்கக் கூடாது. அளவு தப்பிவிடும்.

முனிரத்தினம் சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, வேண்டுமென்றே சத்தமாகப் படித்தார். 'கொக்கு என்று நினைக்கிறார்.' 'கல். கல்லில் நம்பர்.' கம்பி வரும் இடத்தில் சத்தம் குறைந்தது. கடைசி வரியை மனசுக்குள்தான் படித்தார். பிறகு மறுபடி முதலிலிருந்து. நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன்.

"குந்துய்யா, தல சுத்துது" என்றார் நிமிராமல். ஆறு போட்டார். "எழுத்துப் பிழைக்கும் சட்டுனு முடிச்சதுக்கும் ரெண்டு கழிச்சேன். சும்மா குடுக்கல."

முப்பத்தாறு.

பிறகு கட்டுகளைப் பிரித்தோம். எந்தப் பதிலில் கம்பளம் இல்லையோ அதை எடுத்து வைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் பதினோரு பேரும் புரட்டினோம். எடுத்து வைத்தவை சில தேறின. அவை கேள்வியையே எழுதாமல் விட்ட தாள்கள். மற்ற எல்லாவற்றிலும் பச்சை. பாடத்தைப் படித்ததால் மார்க் இழந்த இரண்டாவது பிள்ளை அந்த அறையில் இல்லை.

"பாத்தியா, ஒண்ணே ஒண்ணுதான். நான் அப்பவே சொன்னேன்" என்றார் சத்தியவேட்டு ஆசிரியர் ஒருவர், நிம்மதியாக. எனக்கு அதில் நிம்மதி இல்லை. பத்து இருந்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன். பஸ்ஸில் கார்வேட்டிநகரம் தாண்டும்வரை உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

அந்தப் பிள்ளை யார் என்று எனக்குத் தெரியாது. என் வகுப்பாகவும் இருக்கலாம். விசாரிக்கக் கூடாது என்பது விதி, விசாரிக்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் பிடிஎஃபை அழித்ததோடு விட்டிருப்பேன். போன வருடம் திருப்பதியில் நடந்த பயிற்சி வகுப்பில் இதே பாடத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உற்சாகமாகப் பேசினேன். உடையும் உவமை, உட்காராத நடை, அந்தத் தாளில் இருந்த வெள்ளைக் கல், கம்பி, எல்லாம். கைதட்டினார்கள். யாரோ நன்றாகக் குறிப்பெடுத்திருக்கிறார்கள்.

இந்த வருட கேம்பில் புல்வெளி மறுபடி வந்தது. கல், கம்பி, உட்காராத நடை எல்லாம் இந்த முறை கீயில் இருந்தன. முதல் தாளைத் திறந்தேன். 'எங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்திலும் முதலில் வெள்ளைக் கல்தான் வந்தது. கம்பி பிறகு வந்தது.' எழுந்து நின்றேவிட்டேன். அந்தப் பிள்ளையின் தம்பியோ தங்கையோ என்று நினைத்தேன். இரண்டாவது தாளைத் திறந்தேன். 'எங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்திலும்.' மூன்றாவதிலும் அதே ஊர், அதே கல். ஆறாவது தாளுக்கு அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். நகரியில் என் வகுப்பில் பாதிப் பேர் பவர்லூம் வீட்டுப் பிள்ளைகள், மேய்ச்சல் நிலம் என்ற ஒன்றைப் பார்த்திராதவர்கள். இந்தப் பாடத்தை நான் வகுப்பில் புத்தகத்திலிருந்துதான் படித்தேன், குறிப்பே தரவில்லை. அவர்களும் அதையே எழுதியதாகப் பிறகு என்னிடம் பெருமையாகச் சொன்னார்கள். டியூஷனில் பிரிண்ட் கொடுத்தார்களாம். 'புல்வெளி: திருத்திய நயம்.' மேலே என் பெயர்.

முனிரத்தினம் சார் இந்த முறையும் பக்கத்தில்தான் இருந்தார். என் கை நிற்பதைப் பார்த்தார்.

"கீல கீது தம்பி. போடு."

போட்டேன். எல்லாவற்றுக்கும் எட்டுக்கு எட்டு.

நீங்கள் ஐந்து பேரும் கேட்கும் பிடிஎஃப் அதுதான். உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கவும் கூடும். என்னிடமிருந்து வராது. உங்களிடம் புத்தகம் இருக்கிறது. அந்தப் பாடத்தை மூன்று முறை படியுங்கள், முடிந்தால் யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு, நான் இங்கே சொன்னதில் ஏதாவது ஒன்று அதில் இல்லை என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போடுவேன்.